சாய்மானம் இல்லாத வாங்கு

நான் புத்தூரில் உயர்தரம் படிக்கும் மாணவி. பரீட்சைக்காக வலைப்பந்து விளையாடுவதை நிறுத்திவிட்டேன். பாடசாலை முடிந்ததும் ரியூசன். அங்கே சாய்மானம் இல்லாத நீள மர வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வீட்டுக்கு வந்தால் கட்டிலில் குப்புறப் படுத்துப் படிப்பேன்.

ஒரு நாள் காலை சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவள், நிமிர முடியாமல் அழுதுவிட்டேன். அடி இடுப்பில் அப்படியொரு வலி.

"கிட்னியிலை கல்லுத்தான். எங்கடை கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு," என்று அம்மா பதறினார். பரீட்சை எழுத முடியாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கானில் கல் எதுவும் இல்லை. டொக்டர் என்னைக் குனிந்து நிமிரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நீர் விளையாடுறனீரோ?" என்று கேட்டார்.

"முந்தி விளையாடினனான். சோதினைக்காக விட்டிட்டன்."

"நீர் திரும்ப விளையாடத் தொடங்கும், பிள்ளை. அசையாமல் இருந்து இருந்துதான் உமக்கு இடுப்பு நோகுது."

"நோகிற இடுப்போடை விளையாடுறதோ, டொக்டர்?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா. மெல்ல மெல்லத் தொடங்கட்டும்."

டொக்டர் காட்டிய பயிற்சிகளையும் செய்தேன். சில வாரங்களில் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. இப்போது மாலையில் விளையாடிவிட்டு வந்து, மேசைக்கு முன்னால் நிமிர்ந்து இருந்துதான் படிக்கிறேன்.

ரியூசனில் படிப்பிக்கும் சேரிடமும் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அன்று முதல் பாடத்தின் நடுவே, "எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ," என்கிறார். முதல் நாள் எழும்பியபோது பாதி வகுப்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.