மாட்டோடு போகாத கயிறு

அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு கயிறு சுருட்டி வைத்திருக்கிறேன். எங்கள் பசுவைக் கட்டியிருந்த கயிறு. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பசு போய்விட்டது, கயிறு தங்கிவிட்டது. அதைத் தொழுவில் மாட்டாமல் இங்கே ஏன் வைத்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் பேட்டையில் லேத் பட்டறைக்குப் போய்வந்தார். குடி கிடையாது, பீடி கிடையாது. போனில் குதிரைப் பந்தயம் கட்டுவது ஒன்றுதான். அதிலும் ஒருமுறைகூட ஜெயிக்காத குதிரைகள் மட்டும் ஓடும் பந்தயமாகப் பார்த்துக் கட்டுவார். "எல்லாம் தோத்துப்போன கழுத. ஆனா இன்னைக்கு ஒண்ணு ஜெயிச்சுத்தானட்டி ஆவணும்?" என்பார். சம்பளம் அதிலேயே போனது. பசுவின் பாலை நாலு வீட்டுக்கு விலைக்கு ஊற்றித்தான் உலை வைத்தேன்.

ஒரு செவலைக் குதிரை. ஓடிய பந்தயமெல்லாம் இரண்டாவதாகவே வந்திருந்தது. இந்தமுறை ஓட்டுகிறவனோடு சேர்த்து அதன்மேல் ஏற்றும் எடையும் குறைவு என்று தெரிந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பழைய ஓட்டங்களைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். முந்தி வரும், பிறகு காதைத் திருப்பிக்கொண்டு, பக்கத்துக் குதிரை வந்து சேரும்வரை பைய ஓடும். எங்கள் பசுவும் மேய்ச்சலுக்கு அப்படித்தான், துணையில்லாமல் முன்னே நடக்காது.

"இது துணைக்குல்லா நிக்கி. முந்தாது, பாத்துக்கிடுங்க," என்றேன். அவரிடம் நான் வாய்திறந்து மறுத்தது அது ஒன்றுதான்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுதவ, குதிரைக்குச் சோசியம் சொல்ல வந்துட்டா," என்று சிரித்தார். மறுநாள் காலையில் மாட்டுத் தரகர் புதுக்கயிற்றோடு வாசலில் நின்றார். பசு தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

பசு விற்ற பணம் முழுக்கச் செவலைமேல் கட்டினார். அன்று மத்தியானம் அதுதான் முன்னால் வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து நின்று, "ஓடுலே, என் ராசால்லா, ஓடுலே," என்று போனிடம் கெஞ்சினார். கடைசியில் அது காதைத் திருப்பியது. பின்னால் வந்த குதிரை சேர்ந்தது, தாண்டியும் போய்விட்டது.

அவர் தொழுவுக்குப் போனார். வெகுநேரம் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, முளையிலிருந்து அவிழ்த்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினேன்.

"சும்மாதான் எடுத்தேம்ட்டி," என்றார்.

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. கடைசியில் கொடுத்தார்.

அதன்பிறகும் சில வருஷம் இருந்தார், பந்தயத்தையும் விடவில்லை. நெஞ்சுவலியில்தான் போனார். இனிக் கயிற்றைத் தேட இந்த வீட்டில் ஆளில்லை. ஆனாலும் உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் என் கை, அது இருக்கிறதா என்று, பானைக்குப் பின்னால் போய்த் தடவிவிட்டுத்தான் வருகிறது.