டாக்டர் இல்லை என்று சொன்னேன்

அக்காவை மதுரைக்கு அனுப்பியது அவருடைய நோயா, ஒரு மத்தியானம் நான் சொன்ன பொய்யா? ஆறு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் ஒரு நாள் ஒரு மாதிரி வருகிறது, மறுநாள் வேறு மாதிரி.

அக்கா என்று நான் அழைத்தது என் கணவருடைய அண்ணன் மனைவியை. காரைக்குடியில் செக்காலைப் பக்கம் மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குக் கைக்குழந்தை, அவருக்கு இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். நான் பி.ஏ. படித்தவள், அக்கா ஐந்தாவதோடு நின்றவர். என் கணவர் வாடகை நூலகத்திலிருந்து எனக்கு இங்கிலீஷ் துப்பறியும் நாவல்கள் எடுத்துவருவார். பெண்கள் எழுதியதாகப் பார்த்து வாங்கச் சொல்வேன். அவற்றில் துப்பாக்கி குறைவு. ஒரு வீடு, அதில் பத்துப் பேர், யார் எந்த நேரத்தில் எந்த அறையில் இருந்தார்கள் என்பதுதான் கதை.

ஆண்கள் வெளியே போனபிறகு, தொட்டில் கயிற்றைக் காலால் இழுத்துக்கொண்டே படித்துத் தமிழில் சொல்வேன். அக்கா அரிசியில் கல் பொறுக்குவார். வெள்ளைக்காரப் பெயர்கள் அவர் நாக்கில் நிற்காததால் நாங்களே பெயர் வைத்தோம்: மூக்குப்பொடிக் கிழவர், தொப்பிக்காரி, சீமைச் சித்தப்பா.

கடைசி அத்தியாயத்துக்கு முன் புத்தகத்தை மூடிவிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். யோசித்து ஆளைச் சொல்வார். தப்பியதே இல்லை.

"எப்படிக்கா கண்டுபிடிக்கிறீக?"

"நம்ம அத்தை கண்ணுல படாம ரெண்டாவது காப்பி குடிக்கத் தெரிஞ்சவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? எழுதுனவளும் எங்கயாச்சும் மருமகளா இருந்திருப்பா, ஆத்தா."

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தால் நல்லது என்றார்கள். அவர் கணவர், "ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்வோம்" என்றுவிட்டார். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால், "என்னமோ வேணாம்னு படுது" என்பார். நாள் தள்ளிப்போகப் போக எனக்குப் பயம்.

அந்த வாரத்துக் கதையில், படுக்கையில் கிடந்த பணக்காரக் கிழவியை யாரோ விஷம் வைத்துக் கொன்றிருந்தார்கள். வழக்கம்போலப் புத்தகத்தை மூடினேன்.

"டாக்டர்தான்" என்றார் அக்கா.

"எப்படிச் சொல்றீக?"

"மத்தவுகளை எல்லாம் அந்த ரூமுக்கு ஏன் போனீகன்னு கேட்டாக. அவனை மட்டும் ஒருத்தரும் கேக்கல. பையைத் தூக்கிட்டு வந்தாப் போதும், வழி விட்டுட்டாக."

புத்தகத்தைத் திறந்து கடைசி அத்தியாயத்தைப் பார்த்தேன். டாக்டர்தான்.

அதை எப்படிச் சொல்வது? டாக்டர் கையால் செத்தவளின் கதையைக் கேட்டுவிட்டு யார் ஆபரேஷனுக்குப் போவார்கள்? பக்கத்தைப் பார்த்தபடியே, கிழவியின் தம்பி மகன்தான் கொன்றான் என்று இட்டுக்கட்டினேன்.

அக்கா அரிசி முறத்தைத் தள்ளி வைத்தார். "அப்ப எனக்குப் படுறதும் தப்பாப் போகும்போல" என்றார். பிறகு, "ஒங்க அத்தான் வரட்டும். மதுரைக்குப் போவோம்னு சொல்லிர்றேன்."

அப்போது சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கக் கூடாது.

அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. அக்காவுக்கு மயக்கம் தெளியவே இல்லை. கட்டி முற்றியிருந்தது, ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். உண்மையாக இருக்கலாம். யார்மேலும் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கா சரியாகத்தான் சொல்லியிருந்தார். தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்விட்டார். அவர் குணமாகி ஊருக்குத் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இருந்தேனா? இப்போது அதுவும் நிச்சயமில்லை.

அவர் மகளை நான்தான் வளர்க்கிறேன். பதின்மூன்று வயதாகிறது. "எங்கம்மா ஒரு கதையிலகூட ஏமாந்ததில்ல" என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். போன வாரம் என்னிடம் வந்து, "அம்மா கடைசியாக் கேட்ட கதைய எனக்குச் சொல்லுங்க சித்தி" என்றாள். வேலை இருக்கிறது என்று தட்டிவிட்டேன்.

மறுபடியும் கேட்பாள். அம்மா தோற்றுவிட்டாள் என்று சொல்ல வாய் வராது. சரியாகச் சொன்னாள் என்பதோடு நிறுத்தலாம் என்றால், இவள் அக்கா பெற்றவள், "டாக்டர்னு தெரிஞ்சும் அம்மா எப்படி ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டாங்க?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் இவளிடம் சொல்வீர்களா? சொல்வதானால் இப்போதா, இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகா? தாயில்லாத பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.