மிளகுத்தண்ணி வகுப்பு

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மாணவர் விடுதியில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஜெயகாந்துக்கு அன்றுதான் வெள்ளோட்டம். அவர்களுக்குப் பிடித்தால்தான் வேலை. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, சும்மா விடுவானா?

"முல்லிகடானி என்கிற ஆங்கில சூப்பே எங்க ஊர் மிளகுத்தண்ணிதான். வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டது!"

"ருசி எப்படி சார்?" என்றாள் லின், காரத்துக்குப் பேர்போன சிச்சுவான் மாகாணத்துக்காரி.

உடனே விடுதிச் சமையலறையில் ரசம் வைத்து, வரமிளகாயைக் கிள்ளிப்போட்டுத் தாளித்தான். புகைமணி அலறியது. எல்லாரும் இருமிக்கொண்டு பனியில் நிற்க, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. வேலை போச்சு என்று தலையில் கைவைத்தான்.

லின் மட்டும் ரசச்சட்டியோடு வெளியே வந்திருந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "காரம் பத்தலை சார். ஆனா இந்தச் சொல் ஜென்மத்துக்கும் மறக்காது. நாளைக்கு என்ன சொல்?" என்றாள்.

தீயணைப்புக்காரர் முந்திக்கொண்டார்: "சமைக்க முடியாத சொல்லாகப் பாருங்கள்!"