இருநூறு மணி நேரம் விளையாடியவன்

எனக்கு வாய் ஜாஸ்தி. ஆபீசில் அடக்கி வைப்பதையெல்லாம் இணையத்தில் கொட்டுவேன். நகரம் கட்டி, படை திரட்டி, எதிரியை வெல்லும் வியூக விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுவது என் பொழுதுபோக்கு. கிழிகிழியென்று கிழிப்பேன். அப்படிக் கிழித்ததில் ஒன்று இன்னும் என்னை விடவில்லை.

இப்படி விமர்சனம் எழுதும் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விமர்சனத்தின் பக்கத்திலேயே, எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பது தானாகத் தெரியும். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். அங்கே ஆள் பாதி, மணி பாதி. ஐந்து மணி நேரக்காரன் எதைச் சொன்னாலும், "போய் விளையாடிட்டு வாடா" என்று விரட்டிவிடுவார்கள்.

அந்த விளையாட்டை நான் ஆடியது இரண்டே மாலைகள். மலைக்கு அப்பாலுள்ள அரசன் படையெடுத்து வருவான் என்றார்கள். வரவே இல்லை. எனக்கு எரிச்சல். உடனே எழுதினால் எவன் மதிப்பான்? விளையாட்டை ஓடவிட்டு, கணினியை அணைக்காமல் ஆபீசுக்குப் போனேன். மூன்று வாரம் தினமும் அப்படித்தான்.

"ஏன்னா, நீங்க போனப்பறம் ஆளில்லாத முறியிலே பாட்டு கேக்கறது. உள்ளே யாரோ உக்காந்துண்டு இருக்காப்பல இருக்கு. வல்லாத்த பயமா இருக்கு, கேட்டேளா?" என்றாள் என் மனைவி.

சிரித்தேன். அது விளையாட்டில் வரும் பாட்டுதான் என்று சொல்லி, அந்த அறையின் கதவைச் சாத்தி வைக்கச் சொன்னேன்.

இருநூறு மணி ஆனதும் எழுதினேன்: "இருநூறு மணி நேரம். அந்த அரசன் ஒருமுறைகூட வரவில்லை. இந்த எதிரிக்கு மூளையே வைக்கவில்லை." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. ஒரே வாரத்தில் எல்லா விமர்சனங்களுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

விளையாட்டைச் செய்தவன் கடிதம் எழுதினான். தனி ஆள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரிலேயே இருக்கிறவன். வேலையை விட்டுவிட்டு இதைச் செய்தானாம். ஓணத்துக்குள் இது தேறாவிட்டால் இதை மூடிவிட்டு மறுபடி வேலைக்குப் போகவேண்டும் என்று எழுதியிருந்தான். நேரில் பார்க்கலாமா என்று கேட்டான்.

எங்கள் ஊர் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் சந்தித்தோம். டீ ஆறிக்கொண்டிருக்க, மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"அண்ணே, மூணு வாரமாத் தேடுறேன். அவன் எந்த இடத்துல வராம நிக்கான்னு ஒண்ணு காட்டித் தாங்க. நம்ம நகரம் வளந்தாத்தான் அவனுக்குப் பொறாம வரும். சும்மா போட்டிருந்தா வரமாட்டான், அப்படித்தான் செஞ்சிருக்கேன். ஆனா நீங்க இருநூறு மணிக்கூர் வளத்திருக்கீங்கல்ல?"

அடப்பாவி மனுஷா, அப்போதாவது சொல்லியிருக்கலாமே! அந்த இரண்டு மாலைகளுக்குப் பிறகு என் நகரத்தில் நான் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. மானம் பெரிதாகப் போயிற்று.

"கம்ப்யூட்டர் மாத்தினேன் தம்பி. ஆடி வச்ச கோப்பெல்லாம் அழிஞ்சு போச்சு" என்றேன்.

"சரிண்ணே. இவ்வளவு நேரம் விளையாண்ட ஆளு சொன்னா தப்பு என்கிட்டதான் இருக்கும்" என்றான். டீக்கும் அவனே காசு கொடுத்தான்.

அவன் அந்த அரசனைப் பிரித்துப்போட்டு மறுபடி செய்தான். புதிய அரசன் முதல் நிமிடத்திலிருந்தே வந்தான். குடிசை போடுவதற்குள் கொளுத்தினான். அதுவரை ரசித்து ஆடியவர்கள்கூட, "பைத்தியக்கார அரசன்" என்று திட்டிவிட்டுப் போனார்கள். ஓணம் வருமுன்பே அவன் விளையாட்டை மூடிவிட்டு விழிஞ்ஞம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப்பிறகு எதையும் ஓடவிட்டுப் போவதில்லை. இருந்தாலும் அந்த அறையைக் கடக்கும்போது பாட்டுக் கேட்கிறது. மனைவியிடம் கேட்டால், "ஒண்ணும் கேக்கலையே" என்கிறாள். இப்போது பயம் எனக்கு.

போன மாதம் பொறுக்க முடியாமல் அவனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு மாலைகள், சாத்திய அறை, அழியாத அந்தக் கோப்பு, எல்லாம். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் பதில் வந்தது. ஒரே வரி.

"அப்போ நான் முதல்ல செஞ்சதுதான் சரியா இருந்துதா, அண்ணே?"