‘சொல்லுங்க’ என்றால் வரும் நாய்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஒன்பது இருக்கைகள் உண்டு. ஏழாவதில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்து போன் எடுப்பவளை எல்லோரும் ஏழக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது.

போனை எடுத்ததும் சொல்ல வேண்டிய வாசகத்தை அலுவலகம் அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருந்தது. மூன்று வரி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் இருப்பவர் பாதிக் கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிடுவார். அந்தப் பாதி வீணாகிவிடும். எனவே ஏழக்கா மூன்று வரியையும் ஒரு சொல்லாகச் சுருக்கிக்கொண்டாள். “சொல்லுங்க.”

சண்டைக்கென்றே போன் செய்தவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். பெயர், முகவரி, என்ன பிரச்சினை, எத்தனை நாளா என்று நான்கு கேள்வி கேட்பாள். “பதிவு பண்ணிக்கிட்டேன்” என்பாள். ஒரு புகார் எண் கொடுப்பாள். தண்ணீர் வருவதும் வராததும் வேறு பிரிவின் வேலை.

ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரோடு பேசுகிறவளுக்குத் தனிமை எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். அங்கிருந்துதான் வந்தது. நூற்றைம்பது பேரும் சொன்னார்கள், ஒருவரும் கேட்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து, மாடியில் இருக்கும் ஒன்றரை அறை வீட்டைத் திறந்து உள்ளே போனால், போன் அடித்தாலொழிய அவள் வாய் திறக்க வேண்டிய அவசியம் மறுநாள் காலை வரை ஏற்படாது. கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தபோதும் பேசாத மனிதர், இப்போதும் பேசவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மௌனம் இல்லை. முதலாவதற்குச் செய்தித்தாள் புரளும் சத்தம் இருந்தது.

நாய்க்குட்டி வந்தது ஒரு வாய்த் தவறால். ஆறாவது இருக்கையில் இருப்பவள் வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. நாலு போய்விட்டன.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. நீங்க எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டாள் ஆறாவது.

அந்த நேரம் பார்த்து ஏழக்கா ஒரு போனை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். “பதிவு பண்ணிக்கிட்டேன்” என்றாள்.

மறுநாள் அட்டைப்பெட்டியில் குட்டி வந்து சேர்ந்தது. மண் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும், சொல்வதில் பாதியைத்தான் கேட்கப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்ட முகம்.

“நான் எப்போ சரின்னேன்?”

“பதிவு பண்ணிக்கிட்டேன்னீங்களே.”

“அது சும்மா சொல்றதுடி. அதைச் சொன்னா ஒண்ணும் நடக்காதுன்னு உனக்குத் தெரியாதா?”

“இந்தத் தடவை நடந்துடுச்சு, விடுங்க” என்று ஆறாவது அடுத்த போனை எடுத்தாள். இப்படியாக, அந்தப் பிரிவின் வரலாற்றில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கப்பட்ட ஒரே பதிவு ஏழக்காவின் தலையில் கட்டப்பட்டது.

முதல் வாரத்தில் குட்டி மூன்று செருப்புகளைத் தின்றது. மூன்றும் இடதுகால். விரித்துப்போட்ட செய்தித்தாளைச் சுற்றி வந்து, அதற்கு ஒரு சாண் தள்ளி ஈரம் செய்தது. அவள் வேலைக்குக் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் அழுதது. திரும்பி வந்தபோதும் அழுதது, ஆனால் வேறு ராகத்தில். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா படியேறி வந்து பார்த்தார்.

“அங்க போகாதீங்க, அதைக் கடிக்காதீங்க” என்று ஏழக்கா குட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். ‘நீ’ என்பது அவள் நாக்கிலிருந்து கழன்றுபோய் வெகுநாள் ஆகியிருந்தது. ஆறாவதிடமும் தங்கையிடமும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நாய்க்கு என்னம்மா இவ்வளவு மரியாதை? எங்க வீட்டுக்காரரையே நான் இப்படிக் கூப்பிட்டதில்ல.”

“அதான் அவர் எப்பவும் வெளியவே இருக்காரு போல” என்றாள் ஏழக்கா. சொன்ன பிறகு அவளுக்கே வியப்பாக இருந்தது. அந்த வீட்டில் நான்கு ஆண்டுகளில் சொல்லப்பட்ட முதல் கேலி அது. வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

செருப்புக்குப் பிறகு குட்டியின் பல் கணவரின் நாற்காலிக்குத் தாவியது. பிரம்பு பின்னிய நாற்காலி. அவர் போன பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. துணி மடித்து வைக்கக்கூட அவள் அதைப் பயன்படுத்தியதில்லை. குட்டி அதன் முன்னங்காலை முறைவைத்துக் கடிக்கத் தொடங்கியதும் ஏழக்கா யோசித்தாள். துரத்தினால் திரும்ப வந்தது. அட்டை வைத்து மறைத்தால் அட்டையைத் தின்றுவிட்டு மறுபடி காலுக்கே வந்தது. நாற்காலியைக் காப்பாற்ற ஒரே வழி அதில் தானே உட்கார்ந்துகொள்வதுதான் என்று தெரிந்தது. யாரும் உட்காரக் கூடாது என்று வைத்திருந்த நாற்காலியை, அப்படியே வைத்திருப்பதற்காக, அவள் உட்கார்ந்து காவல் காத்தாள்.

வீட்டில் போன் வந்தாலும் அங்கேயே உட்கார்ந்து பேசினாள். அவளுடைய எண்ணுக்கும் ஒரு மரச்சாமான் கடையின் எண்ணுக்கும் கடைசி இலக்கம் மட்டும் வித்தியாசம். கட்டில் ஆடுகிறது, அலமாரி மூடவில்லை என்று யாராவது கூப்பிடுவார்கள். அவள் வைத்துவிட மாட்டாள். “சொல்லுங்க” என்று முழுவதும் கேட்டுவிட்டு, கடைசியில் சரியான எண்ணைக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிடுவாள்.

“நாயா? உனக்கெதுக்குக்கா வேண்டாத வேலை? சரி, இங்க என்ன ஆச்சுன்னா...” என்று ஆரம்பித்தால் நாற்பது நிமிடம். ஏழக்கா நடுநடுவே “சொல்லு... ம், சொல்லு” என்பாள். “சரிக்கா, அடுப்புல வெச்சிருக்கேன்” என்று தங்கை வைத்துவிடுவாள். ‘நீ எப்படி இருக்கே’ என்ற கேள்வி ஒவ்வொரு ஞாயிறும் அடுப்பிலேயே தீய்ந்து போனது.

இந்த போன்களையெல்லாம் குட்டி கவனித்துக்கொண்டிருந்தது. மணி அடிக்கிறது. அம்மாள் நாற்காலியில் உட்காருகிறாள். ‘சொல்லுங்க’ என்கிறாள். உட்கார்ந்தால் மடி வருகிறது. அன்றாடம் காதில் விழும் சொற்களில் அதட்டலும் கெஞ்சலும் இல்லாமல், முழுப் பிரியத்தோடு வருவது அந்த ஒன்றுதான். எனவே அதுதான் தன் பெயர் என்று அது முடிவு செய்துகொண்டதில் தப்பு சொல்ல முடியாது. வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும், ‘சொல்லுங்க’ என்றதும் ஓடிவந்து மடியில் ஏறிச் சுருண்டுகொள்ளும்.

ஏழக்காவுக்கு இது தெரியாது. பெயர் வைப்பதை அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். பெயர் வைத்துவிட்டால் குட்டியையே வைத்துக்கொண்டது போல ஆகிவிடும். தடுப்பூசி போடப் போன இடத்தில் உதவியாளர் அட்டையை நிரப்பிக்கொண்டே, “பேரு?” என்றார்.

“இன்னும் வைக்கல. நிலுவைன்னு போட்டுக்கோங்க.”

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டாவது ஊசிக்குப் போனபோது, வரிசையில் எல்லோரும் கேட்க, “நிலுவை! நிலுவை யாருங்க, உள்ள வாங்க” என்று கூப்பிட்டார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏழக்காதான் எழுந்து நின்றாள்.

சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் இருக்கும் குழாய் அவள் அலுவலகத்தைச் சேர்ந்ததில்லை என்பதை ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவளே விளக்கியிருக்கிறாள். வீட்டுக்காரம்மா சொல்லி ஒரு குழாய்க்காரர் மதியம் மூன்று மணிக்கு வந்தார். அரை மணி நேரம் திருகினார். ஒழுகல் நின்றது. சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அவருடைய போன் அடித்தது. “சொல்லுங்க, எங்க வரணும்?” என்றபடியே படியிறங்கிப் போனார்.

ஏழக்கா ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து நிமிர்ந்தபோது கதவு திறந்திருந்தது. துடைக்கிற துணியைக் கவ்வி இழுக்க யாரும் வராமல், இவ்வளவு சீக்கிரம் தரை துடைத்து முடிந்ததில் ஏதோ கோளாறு என்று அப்போதுதான் உறைத்தது. கட்டிலுக்கடியில் இல்லை. நாற்காலியடியில் இல்லை. மாடிப்படியில் இல்லை.

தெருவுக்கு வந்து வாய் திறந்தபோதுதான் கூப்பிடப் பெயர் இல்லை என்பது தெரிந்தது. “நிலுவை” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அதற்கு யாரும் வரப்போவதில்லை என்பது மருத்துவமனையிலேயே நிரூபணமாகியிருந்தது. ‘வாங்க, வாங்க’ என்றாள். கடைக்கு ஆள் பிடிப்பது போலிருந்தது. கைப்பையில் போன் அடித்தது. மரச்சாமான் கடை தேடும் யாரோ. பழக்கத்தில் “சொல்லுங்க” என்றாள். சொன்னதும் மடியில் ஒரு கனம் இல்லாதது சட்டென்று தெரிந்தது. போனை எடுத்தால் குட்டி வரும் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்? மணி அடிக்கும்போது அது அசைந்ததில்லை, இந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் ஓடிவரும். போனுக்கு வரவில்லை, சொல்லுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

இருபத்திரண்டு ஆண்டில் முதல்முறையாக, எதிர்முனைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாள். தெரு நடுவில் நின்று, “சொல்லுங்க... சொல்லுங்க...” என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள்.

தெருவில் இருந்தவர்கள் சொன்னார்கள். தையல் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “என்னத்தம்மா சொல்றது, கண்ணே தெரிய மாட்டேங்குது” என்றார். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் இருந்த பெரியவர், மகன் வீட்டில் தனக்கென்று ஒரு கோப்பை இல்லாததைச் சொன்னார். பல ஆண்டுகளாக எதிர்வீட்டு ஜன்னலில் மட்டும் பார்த்திருந்த பெண்மணி வாசலுக்கு வந்து, “உங்ககிட்ட பேசணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தேன்” என்று தன் முதுகுவலியைத் தொடங்கினாள். நின்று கேட்க ஏழக்காவுக்கு நேரமில்லை. ஆனாலும் நின்றாள். “எத்தனை நாளா?” என்றும் கேட்டுவிட்டாள். அது நாக்கு செய்த காரியம். கண் மட்டும் அவர்கள் காலடியையே தேடிக்கொண்டிருந்தது.

“நாய்க்குட்டி ஒண்ணு பார்த்தீங்களா? ஒரு காது மடங்கியிருக்கும்” என்று கடைசியாகக் கேட்டாள்.

“அதையா? குழாய்க்காரர் பின்னாடியே போச்சே. போன் பேசிட்டே போனாரு, அதுவும் கூடவே ஓடுச்சு. அவரோடதுன்னு நெனச்சேன்” என்றாள் எதிர்வீட்டுப் பெண்மணி.

தெரு முனையில் குழாய்ச் சாமான் விற்கும் கடை. வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் நாலைந்து பேர் அதன் வாசலில் முக்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். குழாய்க்காரர் அங்கே இருந்தார். அவர் மடியில் குட்டி இருந்தது. சாயங்கால வெயில் கடைப் பலகையில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

“அது என்னுதுங்க” என்றாள் ஏழக்கா.

“உங்களுதா? நம்ம தெருவுல சுத்தறது ஏதோ ஒண்ணுன்னு நெனச்சேன். பாசக்கார ஜென்மம்மா. போன் வந்தா போதும், மடியில ஏறிடுது. இத்தனை நாள்ல என் போனுக்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல.” அவர் அதன் மடங்கிய காதைத் தடவினார். “யாரும் தேடி வரலன்னா நானே வெச்சுக்கலாம்னு பார்த்தேன். வீட்ல நானும் ஒண்டிக்கட்டைதான்.”

பக்கத்து முக்காலிக்காரர் நியாயம் பேச வந்தார். “பேரு சொல்லிக் கூப்பிடுங்கம்மா. வந்தா உங்களுது.”

ஏழக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “சொல்லுங்க” என்றாள்.

“நாங்க என்னத்தச் சொல்றது? நீங்கதான் கூப்பிடணும்.”

ஆனால் குட்டி அதற்குள் குதித்து இறங்கி, வாலை ஆட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாதி தூரத்தில் குழாய்க்காரரின் போன் அடித்தது. அவர் எழுந்து நின்று, “சொல்லுங்க” என்றார்.

குட்டி நின்றுவிட்டது. அவரைப் பார்த்தது. இவளைப் பார்த்தது. நிமிர்ந்த காது ஒரு பக்கம், மடங்கிய காது ஒரு பக்கம். முக்காலிக்காரர்கள் சிரித்தார்கள். ஏழக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு முறை சொல்லலாம். அவர் குரல் பெரிது. அதுவும் இல்லாமல், அந்தச் சொல் அவளுடையது என்று அவள் எப்படி உரிமை கொண்டாடுவது? எல்லோர் வாயிலும் அதுதானே.

அவள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பைப்புத் துண்டுகளும் தூசியும் கிடந்த படி. அலுவலக உடுப்போடு தெருவில் உட்காருவது அவள் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. முழங்காலைச் சேர்த்து மடியை மட்டும் சரி செய்துகொண்டாள்.

குட்டி வந்து ஏறிக்கொண்டது.

குழாய்க்காரர் பேசி முடித்துவிட்டு வந்தார். “சரி, உங்களுதுதான்” என்றார். “இனிமே நான் ஹலோன்னுதான் சொல்லணும் போல.”

“தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள் ஏழக்கா.

“சேச்சே. குழாய் மறுபடி ஒழுகினா சொல்லுங்க.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். மடியில் இருந்தது ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். பால் ஊற்றினாள். தடுப்பூசி அட்டையை எடுத்து, ‘நிலுவை’ என்பதை அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று யோசித்தாள், எழுதாமல் வைத்தாள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, போன் எதுவும் அடிக்காமலேயே, “சொல்லுங்க” என்றாள்.

குட்டி ஓடி வந்து ஏறி, அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு இதுவரை எல்லோரும் பேசத்தான் தொடங்கியிருக்கிறார்கள். கேட்பதற்காக வந்தது இது ஒன்றுதான் என்பது ஏழக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு வசதியான ஒருவர் கிடைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் தயாராக வைத்திருக்கவில்லை.

“எழுதிக்கோங்க” என்றாள். தன் பெயரைச் சொன்னாள்; சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரை. முகவரி சொன்னாள். “வீட்ல பேச்சு வரமாட்டேங்குது” என்றாள்.

எத்தனை நாளா என்று குட்டி கேட்காததால் அவளே கேட்டுக்கொண்டாள். “நாலு வருஷம்” என்றாள். கொஞ்சம் யோசித்து, “இல்ல. அவர் இருக்கும்போதே” என்று திருத்தினாள்.

அதற்குள் குட்டி தூங்கிப் போயிருந்தது. புகார் எண் எதுவும் கொடுக்கப்படவில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை.