நகத்தால் சுரண்டிய சந்தனம்

மாதிரி நீராவி இன்ஜின்களுக்குப் புது பெயின்ட் அடித்து, அதன்மேல் கரியும் துருவும் தீட்டி, நிஜமாகவே ஓடிக் களைத்த வண்டி என்று நம்பவைப்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

மன்னார்குடியில் என் வீட்டுக்கு ஒரு அம்மா வந்தார். இறந்துபோன அவர் கணவர் நீராவி ரயில் ஓட்டியவர். அந்த அம்மா, கணவர் வைத்திருந்த சின்ன மாதிரி இன்ஜினை நீட்டி, "பெயின்ட் உரிஞ்சு கெடக்கு தம்பி, சரி பண்ணிக் குடுங்க" என்றார்.

முகப்பில் ஏதோ கருத்துத் தடித்திருந்தது. அழுக்கென்று நகத்தால் சுரண்டிப்போட்டேன். பத்து நாள் உழைத்து, புகைபோக்கியில் கரியும் சக்கரங்களில் துருவும் தீட்டிக் கொடுத்தேன்.

அவர் முகப்பைத் தடவிப் பார்த்தார். "இங்க சந்தனம், குங்குமம் இருந்துச்சே? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவரு வெச்சது. தொடைக்கவே விடமாட்டாரு."

நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "அதையும் பழசு மாதிரியே வரைஞ்சு தர்றேங்க" என்றேன், பெருமையாக.

அவர் கோபப்படவில்லை. "வேணாம் தம்பி. அது அவரு விரலால வெச்சதாச்சே" என்று சொல்லி, இன்ஜினை முந்தானையில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் எந்த இன்ஜின் வந்தாலும், "இதுல எதைத் தொடைக்கலாம்?" என்று முதலில் கேட்கிறேன். கேட்கும்போது கட்டைவிரல் நகத்தை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறேன்.