வெங்கிடுசாமி எழுதிய கப்பல்

காலையில் அச்சகத்தைத் திறந்து விளக்குகூடப் போடவில்லை, தொலைபேசி அடித்தது. பம்ப் கம்பெனியின் கணக்கர். வெங்கிடுசாமி தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். ரிசீவரை வைத்துவிட்டு அச்சகத்தை மறுபடியும் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில், கோவை பீளமேட்டில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் கப்பல் மார்க் பம்ப் கம்பெனியின் இளைய முதலாளி. எனக்கு அவர் புரூஃபில் ஒரு காற்புள்ளியைக்கூடச் சும்மா விடாத வாடிக்கையாளர். இருபது வருடம் என் உயிரை வாங்கியவர்.

அந்தக் கப்பலின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய அப்பா முதல் உலகப் போரின்போது ஈராக்கிலுள்ள பஸ்ராவுக்குப் போன, இயந்திரம் பொருத்தும் பிட்டர். திரும்பி வரும்போது அவர் ஏறிய கப்பலுக்கு, நான்கு புகைபோக்கி வைத்த பிரிட்டிஷ் கவசப் போர்க்கப்பல் ஒன்று காவலாக வந்தது. பின்னாளில் பம்ப் செய்யத் தொடங்கியபோது அதன் படத்தையே மார்க்காக வைத்தார். வருடத்துக்கு வருடம் கதை வளர்ந்தது. எதிரிக் கப்பல்களை மூழ்கடித்த வீரக் கப்பல் என்று காலண்டர் போட்டார்கள். பீரங்கி வாயில் நெருப்புப் போதவில்லை என்று இன்னொரு தரம் சிவப்பு மை ஏற்றி அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

கம்பெனியின் பொன்விழா மலருக்காகக் கப்பலின் உண்மை வரலாற்றைத் தேட ஆரம்பித்தார் வெங்கிடுசாமி. இங்கிலாந்தில் உள்ள நூலகங்களுக்கெல்லாம் எழுதினார். பதில் வந்த அன்றைக்கே ஸ்கூட்டரில் என்னிடம் வந்துவிடுவார். ஸ்காட்லாந்தில் கட்டி மேளதாளத்தோடு கடலில் இறக்கிய கப்பல். சில வருடங்களிலேயே அதைவிடப் பெரியதும் வேகமானதுமான கப்பல்கள் வந்து இதைப் பழசாக்கிவிட்டன. கொஞ்ச காலம் சீனக் கடலில் ரோந்து. போர் வந்ததும் சரக்குக் கப்பல்களுக்கும் படையாட்களை ஏற்றிய கப்பல்களுக்கும் துணையாகப் போய்வரும் வேலை. போர் முடிந்ததும் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். எதிரியை நோக்கி ஒரு குண்டுகூடப் போட்டதில்லை.

அப்படியானால் நம் காலண்டர் என்ன ஆவது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கூட வந்த கப்பல்ல ஒண்ணுகூட முழுகலீங்க. அதை யாருங்க காலண்டர்ல போடுவாங்க?" என்றார்.

மலருக்கு நான்கு பக்கம் எழுதினார். அவருடைய அண்ணன் பெருமாள்சாமி புரூஃபைப் படித்துவிட்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார். அன்னூர், கோபி டீலர்களெல்லாம் சிரிப்பார்கள் என்பது அவர் கவலை. "சண்டையே போடாத கப்பலை வெச்சு எப்படிப்பா பம்ப் விக்கறது?" என்று அப்போது அங்கே இருந்த தம்பியைக் கேட்டார்.

"அது சண்டைக்குப் போயிருந்தா அப்பா ஊடு வந்து சேர்ந்திருக்க மாட்டாருங்கண்ணா."

பெருமாள்சாமி எழுந்தார். நான்கு பக்கங்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பழைய காலண்டர் படத்தோடு மலர் வெளிவந்தது. எனக்குக் கோபம். இத்தனை பாடுபட்டுவிட்டு இப்படி விட்டுக்கொடுத்துவிட்டீர்களே என்று சண்டைக்கே போனேன். "அண்ணன் பேச்சைத் தாண்டி அடிக்கச் சொல்ல மாட்டேனுங்க. நடந்தது எங்கீங்க போயிடப்போகுது?" என்றார். மத்தியானம் அண்ணனோடு சேர்ந்து சாப்பிடுவதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை. ஆனால் கப்பலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

கருமாதிக்கு நினைவு மலர் அடிக்க வேண்டுமென்று முந்தாநாள் பெருமாள்சாமி வந்தார். அதே நான்கு பக்கங்களை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. ஓர் எழுத்தும் மாற்றாமல் போடச் சொன்னார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கடைசியில ஒரு வரி சேர்த்துப்போடுங்க. இதைப் பொன்விழா மலர்ல வர உடாம நிறுத்துனது அவன் அண்ணன்னு."

வேண்டாமே என்றேன். "நடந்ததுதானுங்களே" என்றார்.

தம்பியின் குரல் அப்படியே இருந்தது. இந்த அஞ்சலிக்கு அடுத்த பக்கத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது, அண்ணன் சொன்ன வரியோடு. வெங்கிடுசாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது 'நடந்தது' என்ற அந்த ஒரு சொல்லைத்தான். அதை அவருடைய அண்ணன் வாயால் கேட்டதை அவரிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் இருக்கிறது.